நாரைச் சதுப்பில் நிற்கும் சைக்கிள்

ஜூன் 9, திங்கள்

வேலையில் சேர்ந்தாயிற்று. வேலையின் பெயர் "பாரம்பரியப் பாதை உதவியாளர்". பெயரைக் கேட்டால் ஏதோ அருங்காட்சியகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். செய்ய வேண்டியது இதுதான்: சைக்கிளுக்குப் பின்னால் ஒரு இழுவண்டியை மாட்டு, அதில் பலகையும் கம்பமும் கடப்பாரையும் ஏற்று, பழைய அஞ்சல் சாலை நெடுகக் குழி தோண்டி நட்டுக்கொண்டே போ. கோடை முடிந்ததும் வீட்டுக்குப் போ.

ஊராட்சியின் வளர்ச்சி அலுவலர் பெத்தேரி, காபியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார். "வில்யா, உலகம் பூரா இப்ப சரளை ரோட்டைத்தான் தேடி அலையுது. தார் ரோட்டுல சைக்கிள் ஓட்டி ஜனங்களுக்கு அலுத்துப்போச்சு. நம்மகிட்ட முந்நூறு வருஷத்து சரளை ரோடு சும்மா கெடக்குது பாரு!"

சும்மாதான் கிடக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே, வடகோடிக் காட்டுக்குள் கிடக்கும் இந்தக் கொர்பிவாரா ஊர் தார் கேட்டுக்கொண்டிருக்கிறது. பணமில்லை என்றார்கள். பிறகு பள்ளிக்கூடம் மூடினார்கள். கடை போனது. பஸ் நின்றது. போன வசந்தத்தில் அம்மா வேலை பார்த்த முதியோர் இல்லத்தையும் மூடினார்கள். கிழவர்களை வேனில் ஏற்றி நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோனார்கள். இப்போது தார் போடாத சாலைக்குப் பாரம்பரியம் என்று பெயர்.

பெத்தேரியிடம் கேட்டேன், நீங்கள் இதில் சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா என்று. "கார்ல போயிருக்கேன்" என்றார். ஏஸி போட்டுத்தான்.

ஜூன் 12, வியாழன்

இரண்டு நாள் ஓட்டியதில் மணிக்கட்டு மரத்துவிட்டது. வெயிலில் சாலை துணி துவைக்கும் பலகை போல வரிவரியாகிக் கிடக்கிறது. ஓரமாகப் போனால் சரளை சறுக்கும், நடுவில் போனால் பல் ஆடும். தூசு பறக்காமலிருக்க உப்பு தூவியிருக்கிறார்கள். அது தூசைத் தடுக்கவில்லை, என் சங்கிலியைத்தான் தின்கிறது. மரலாரி வந்தால் இறங்கி, முதுகைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் கொசு தன் வேலையை முடித்துவிடும்.

இரண்டு பக்கமும் சதுப்பு. ஆள் உயரம்கூட வளராத பைன் மரங்கள். பிறகு காடு. பிறகு சதுப்பு. எவனோ இதைப் பார்க்கச் செலவு செய்து வரப்போகிறானாம்.

ஜூன் 17, செவ்வாய்

பலகைக்கான வாசகம் வந்தது. "இந்த அரச சாலையில் மன்னரின் வண்டி சென்றது."

"எந்த மன்னர்? எப்ப?" என்று போனில் கேட்டேன்.

"போயிருக்கலாம் இல்லையா?" என்றார் பெத்தேரி.

மன்னர் யாரும் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சாலையை வெட்டியவர்கள் இந்த ஊர்க் குடியானவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை முழம் என்று பங்கு. அறுவடையைப் போட்டுவிட்டு வந்து சரளை கொட்ட வேண்டும், கொட்டாதவனுக்குத் தண்டனை. பங்கு பிரிக்க நட்ட கல் ஒன்று இன்னும் வளைவில் நிற்கிறது. ஒற்றைக்கல் என்கிறோம். அதைப் பற்றி ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது: "கொஞ்சம் சோகமா இருக்கு. ராஜாவே இருக்கட்டும்."

ஜூன் 21, சனி

நடுக்கோடை விழா. ஏரிக்கரையில் நெருப்பு மூட்டி, தொத்திறைச்சி வாட்டி, எல்லோரும் ஒருவருக்கொருவர் பொய் சொன்னார்கள்.

பொய் எல்லாம் ஹில்லாவைப் பற்றித்தான். ஜூலைக் கடைசியில் சதுப்பில் பழுக்கும் அந்த மஞ்சள் பழத்துக்காக இந்த ஊரில் அண்ணன் தம்பி பேச்சு நின்றிருக்கிறது. நிலம் யாருடையதானாலும் காட்டுப் பழம் எல்லோருக்கும் பொது, சட்டம் அப்படி. அதனால் இங்கே ஒருவருக்குச் சொந்தம் என்று இருக்கக்கூடியது பழம் விளையும் இடம் பற்றிய தகவல் மட்டும்தான். அதைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்ல மாட்டார்கள்.

பக்கத்து வீட்டுத் தௌனோ, மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர், அம்மாவிடம் தூண்டில் போட்டார்.

"என்ன தூலா, இந்த வருஷம் எந்தப் பக்கம் போற?"

"எங்க போறது? பூ பூரா பனியில கருகிப்போச்சே. ஒண்ணும் தேறாது."

"ஆமாமா. நானும் போகப்போறதில்ல. முட்டி வலி."

"அப்புறம் எதுக்கு கழுத்துல பைனாகுலர் தொங்குது?"

"பறவை பாக்குறேன்."

"பாப்ப, பாப்ப. ரப்பர் பூட்ஸ் போட்ட பறவை."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரையே பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அதற்கு ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு வாளிப் பழத்துக்கு உளவு வேலை!

ஜூலை 3, வியாழன்

அம்மாவோடு சண்டை. ஒற்றைக்கல் வளைவில் சைக்கிள்காரர்களுக்கு ஒரு ஓய்விடம் வரப்போகிறது, பெஞ்சும் மேசையும் ஒரு கழிப்பறையும், என்று சாப்பிடும்போது சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அங்க வேண்டாம்."

"ஏன்?"

"கொசு."

"ஊர் பூரா கொசுதானேம்மா."

"அங்க அதிகம். கக்கூஸ் வேற நாறும். நாரைச் சதுப்புகிட்டப் போடு, காத்தாவது வரும்."

"கல்லு அங்கதானே இருக்கு? அதைப் பாக்கத்தானே வர்றாங்க."

"கல்ல பாத்துட்டுப் போகட்டும். எதுக்கு உக்காரணும்? கண்டவனும் உக்காந்து பேசிக்கிட்டு இருப்பான்."

"அதுக்குத்தானே பெஞ்சு!"

எழுந்து போய்விட்டாள். நான் பெத்தேரிக்காக வாதாடிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. என்ன கேவலம். ஆனால் இந்த ஊரின் வியாதியும் இதுதானே? பள்ளிக்கூடத்தை மூடும்போது தலையைக் குனிந்துகொண்டு காபி குடிப்பார்கள். ஒரு பெஞ்சு போட்டால் மட்டும் ரோஷம் வரும்.

ஜூலை 8, செவ்வாய்

பெஞ்சு போட்டாயிற்று. கொசு எல்லா இடத்தையும் போலத்தான்.

ஜூலை 15, செவ்வாய்

சைக்கிள்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வந்த நாளில் எல்லோரும் பளபளவென்று இருப்பார்கள். திரும்பும்போது தொடைவரை சேறு, அதைப் படமெடுத்துக்கொள்வார்கள். சேறுகூட இவர்களுக்கு ஒரு சாமான்.

தலைநகரத்திலிருந்து வந்த ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டான். "என்னா அமைதி! எப்படிங்க இதைக் காப்பாத்தி வச்சிருக்கீங்க?"

"பள்ளிக்கூடத்தை மூடினோம்" என்றேன்.

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான்.

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவின் பச்சை சைக்கிள் மூன்றாவது நாளாக நாரைச் சதுப்பின் ஓரம் பைன் மரத்தில் சாய்ந்திருக்கிறது. சாலையில் போகிற எவன் கண்ணுக்கும் தப்பாது. நான் இறங்கி உள்ளே கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். பாசி, நீர், நாணல். பழம் என்று ஒன்றுகூட இல்லை. சைக்கிள் பைக்குள் அவள் போன் கிடந்தது.

ஆனால் வீட்டுக்கு வாளி நிறையப் பழத்தோடுதான் வந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். "எங்கேம்மா பறிச்சே?"

"நாரைச் சதுப்புல."

"அங்க ஒண்ணுமே இல்லையே. நான் பாத்தேன்."

"உனக்குப் பாக்கத் தெரியல."

"போனை ஏன் சைக்கிள்லயே விட்டுட்டுப் போற?"

"அது நாம எங்க இருக்கோம்னு காட்டிக் கொடுக்குமாமே. தௌனோ பேரன் போனுக்குள்ளயே பொறந்தவன். எனக்கென்ன தெரியும், அவன் என்ன பண்ணுவான்னு."

"ஏதாவது ஆச்சுன்னா எங்கன்னு தேடறது? எங்கிட்டயாவது சொல்லேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வை! ஏதோ வரி அலுவலகத்திலிருந்து வந்தவளைப் பார்ப்பதுபோல. "நீ ஊராட்சி ஆளு" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இருந்தாலும் — பெத்த பொண்ணுகிட்டயா? நான் என்ன, அவ பழத்தைத் திங்கறதுக்கா ஓளு நகரத்துல இருந்த அறையைக் காலி பண்ணிட்டு வந்தேன்? இல்லம் மூடி, தனியா ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காளேன்னுதானே வந்தேன்.

இதை அவளிடம் சொன்னதில்லை.

ஜூலை 24, வியாழன்

அம்மா இன்னும் வரவில்லை. தௌனோ பைனாகுலரோடு சாலையில் உலாத்துகிறார். அவர் வீட்டுக்குள் போகும்வரை காட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். பிடிவாதம். மழை வேறு பிடித்துவிட்டது. சூப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறேன். நனையட்டும்.

ஜூலை 25, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் சூப் அப்படியே இருந்தது. படுக்கை மடித்தது மடித்தபடி. நாரைச் சதுப்புக்கு ஓட்டினேன். சைக்கிள் நின்றது, இருக்கை நனைந்து. போன் பைக்குள். அவசர எண்ணுக்கு அழைத்தேன்.

ஊரே வந்துவிட்டது, அதைச் சொல்ல வேண்டும். தன்னார்வத் தீயணைப்புப் படை, மஞ்சள் சட்டை போட்ட தேடுதல் தொண்டர்கள், தௌனோ. படைத்தலைவர் மிக்கா எல்லோரையும் கைக்கெட்டும் இடைவெளியில் வரிசையாக நிறுத்தி நாரைச் சதுப்புக்குள் நடக்கவிட்டார். போன் அங்கே, சைக்கிள் அங்கே, ஆளும் அங்கேதான். மோப்ப நாய் நகரத்திலிருந்து வர மதியமாகும்; வந்தாலும் ராத்திரி மழைக்குப் பிறகு அது என்ன மோப்பம் பிடிக்கும் என்றார். வரிசையில் எவனோ சொன்னான், பழைய பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பழப் பறிப்பாளர்களை விசாரிக்க வேண்டும் என்று. அதற்கு இரண்டு தலைகள் ஆடின. மனுஷி சாகக் கிடக்கும்போதும் இவர்களுக்கு அதுதான் தோன்றுகிறது.

நானும் வரிசையில் நடந்தேன். முழங்கால்வரை நீர். அப்போதுதான் தோன்றியது: அம்மா எந்த நாளும் இப்படி நனைந்து வந்ததில்லை. பூட்ஸ் காய்ந்துதான் இருக்கும். இந்த இடமே பொய். அப்படியானால் எங்கே? ஊரில் எத்தனை சதுப்பு!

பெஞ்சு.

கொசு அதிகம், கக்கூஸ் நாறும், நாரைச் சதுப்புகிட்டப் போடு. அம்மா எந்தப் பெஞ்சுக்காவது வாழ்க்கையில் அப்படிச் சண்டை போட்டிருக்கிறாளா?

மிக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவருக்குப் பக்கத்தில் தௌனோ. அவருக்குப் பின்னால், ஊரில் வாளி வைத்திருக்கும் அத்தனை பேரும். வாயை மூடிக்கொண்டேன். ஆம், மூடிக்கொண்டேன். சிறுநீர் கழிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். வரிவிழுந்த சாலையில் அப்படி ஒரு மிதி மிதித்ததில்லை. மழையில் சரளை கூழாகிக் கிடந்தது. ஒரு வளைவில் விழுந்தேன். எழுந்து மறுபடி மிதித்தேன்.

ஒற்றைக்கல். நான் போட்ட பெஞ்சில் சைக்கிள்காரர்கள் விட்டுப்போன வாழைப்பழத் தோல். பெஞ்சுக்குப் பின்னால் குட்டைப் பைன்களைத் தாண்டினால், சாலையிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு மேடு. அதற்கப்பால் — மஞ்சள். பாசிமேல் விளக்கு வைத்தாற்போல.

"அம்மா!"

பதில் இல்லை.

"அம்மா! அம்மா!"

ஒன்றுமில்லை. பிறகு, ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது, கத்தினேன்: "நான் மட்டுந்தான் வந்திருக்கேன்! கூட யாருமில்ல!"

காலடியிலிருந்து குரல் வந்தது.

"கத்தாதடி."

பாசி மூடிய பழைய வடிகாலுக்குள் இடுப்புவரை இறங்கி, கரையைப் பிடித்தபடி சாய்ந்து கிடந்தாள். உதடு நீலம். ஒரு கணுக்கால் வேறு பக்கம் பார்த்தது. வாளியைத் தன் கோட்டால் மூடி வைத்திருந்தாள். மழையில் கோட்டைப் பழத்துக்குப் போர்த்தியிருந்தாள்!

"எப்பம்மா விழுந்தே?"

"நேத்து. மத்தியானம். எப்பவும் கல்லுகிட்டதான் ரோட்டைத் தாண்டுவேன். உன் பெஞ்சுல ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க. அதான் சுத்தி வந்தேன், பாசிக்கடியில வடிகால் தெரியல."

"ரெண்டு பேரா? அப்ப அவங்களைக் கூப்பிட்டிருக்கலாமே!"

"ரொம்ப நேரம் இருந்தாங்க. ஒருத்தனுக்குப் பொண்டாட்டியோட தகராறு. வீட்டை விக்கலாமா வேண்டாமான்னு."

"அம்மா. ஏன் கூப்பிடல?"

பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. ஆனாலும் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "கூப்பிட்டா தெரிஞ்சிடுமே."

அப்புறம் அவள் சட்டென்று என் சட்டையைப் பிடித்தாள். "யாரையும் கூட்டிட்டு வராதே. நீயே தூக்கு. மெதுவா ரோட்டுக்குக் கொண்டுபோய் விட்டுடு, அங்க விழுந்தேன்னு சொல்லிக்கலாம்."

முயன்றேன். கடவுளே, அவள் சொன்னதைக் கேட்டு முயன்றேன். கொஞ்சம் அசைத்ததும் ஒரு சத்தம் போட்டாள். அந்த மாதிரிச் சத்தத்தை நான் அவளிடமிருந்து கேட்டதில்லை. பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. நடுக்கம் நிற்பது நல்லதில்லை என்று எங்கோ படித்திருக்கிறேன்.

மிக்காவுக்குப் போன் செய்தேன். ஒற்றைக்கல், பெஞ்சுக்குப் பின்னால், எல்லோரும் வாங்க.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "வாளியையாவது மறை" என்றாள்.

வந்தார்கள். தௌனோதான் முதலில் மேட்டின்மேல் ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். "அடிப்பாவி" என்றார் மெதுவாக. பிறகுதான் இறங்கி வந்து, முட்டி வலியெல்லாம் எங்கே போயிற்றோ, வடிகாலுக்குள் குதித்து அவளைத் தோளில் தாங்கினார். தூக்குப்படுக்கையை நான்கு பேர் சுமந்தார்கள். காலடியில் பழம் நசுங்கியது. அம்மா அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் பெண் சொன்னாள், இன்னொரு ராத்திரி தாங்கியிருக்காது என்று.

ஜூலை 28, திங்கள்

ஒற்றைக்கல் வளைவில் ஊர்க் கார்கள் வரிசையாக நிற்கின்றன. என் பெஞ்சின் மேல் வாளிகள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மா எப்படி இருக்கா?" என்று குனிந்தபடியே கேட்டார்கள், கை பறித்துக்கொண்டே இருந்தது.

தௌனோ மட்டும் நிமிர்ந்தார். "நான் பறிக்கலைன்னா மத்தவன் பறிக்கப்போறான், இல்லையா?" என்றார்.

ஆமாம், தௌனோ. இந்த ஊரில் பள்ளிக்கூட மேசை நாற்காலிகளை ஏலம் எடுத்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

ஜூலை 29, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செவிலியிடம் மட்டும் பேசினாள், அதுவும் தண்ணீர் கேட்டு.

ஜூலை 31, வியாழன்

பெத்தேரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வில்யா, இது கதை! மக்கள் கதையைத்தான் தேடி வராங்க. ஒற்றைக்கல்லுல ஒரு பலகை: 'ஹில்லா நிறுத்தம். பறித்துச் சுவைத்துச் செல்லுங்கள்.' பழம் படம் போட்டு. என்ன சொல்ற?"

"எங்கம்மா படமும் போடுவீங்களா?"

"அவங்க சம்மதிச்சா..."

இந்த மனிதன் உண்மையாகவே யோசித்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள், முழங்கால்வரை கட்டோடு. மாலைவரை பேசவில்லை. நான் காபி வைத்தேன், அவள் வாளியிலிருந்து காப்பாற்றிய பழத்தைச் சூடான பாலாடைக் கட்டியின்மேல் போட்டுக் கொடுத்தேன். தட்டைத் தள்ளிவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா வேணும் உனக்கு? அங்கேயே விட்டுட்டு வந்திருக்கணுமா? ஒரு வாளிப் பழத்துக்காக செத்திருப்பே!"

"வாளிக்காகவா?" என்றாள். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து. "இல்லத்தை மூடறப்போ ஒரு கடுதாசி போட்டானுங்க. நாப்பது பேருக்கும் ஒரே கடுதாசி. பஸ்ஸை எடுத்தானுங்க, அதுக்குக் கடுதாசிகூட இல்ல. என்கிட்ட இருந்து எவனும் எடுக்க முடியாதது ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுடி. அது இருக்கறதே எவனுக்கும் தெரியாது. அதனால எடுக்க முடியல."

இவ்வளவு நாளாக இவர்களுக்குக் கோபமே வராது என்று எழுதிக்கொண்டிருந்தேன். வந்திருக்கிறது. சதுப்புக்குள் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"நான்தான் எடுத்துக் கொடுத்துட்டேன், இல்ல?" என்றேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தௌனோ வெளியே வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல தனியா வந்தே இல்ல," என்றாள். "அத்தனை பேரு அங்க தேடிட்டிருக்கறப்போ. அவங்ககிட்ட சொல்லாம."

"தப்பு பண்ணிட்டேன். உடனே சொல்லியிருக்கணும்."

"தப்புதான்" என்றாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தின்றுகொண்டே, குரலைத் தணித்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சொன்னாள்: "ஒற்றைக்கல்லுல இருந்தது பாதிதான்."

மீதி இருப்பது நிழல் விழும் இடமாம். அதனால் தாமதமாகத்தான் பழுக்குமாம். எங்கே என்று சொன்னாள். எந்த மரத்தில் திரும்ப வேண்டும், எந்த வடிகாலுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்றுகூட.

இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

"ஹில்லா நிறுத்தம்" பலகையை நட்டேன். பழம் படம் பெரிதாக, பளிச்சென்று. நாரைச் சதுப்பில் நட்டேன். பெத்தேரிக்கு எப்படித் தெரியும்? அவர் காரில் போகிறவர்.

ஆகஸ்ட் 9, சனி

விடுமுறை. காலையில் இழுவண்டி இல்லாமல் கிளம்பினேன். மழைக்குப் பிறகு சாலையைச் சீவி விட்டிருந்தார்கள். வரிகள் போய், சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. இந்தச் சாலை இப்படியும் இருக்கும் என்பதை மறந்திருந்தேன்.

நாரைச் சதுப்பில் மூன்று சைக்கிள்காரர்கள் முழங்கால்வரை நீரில் நின்று ஹில்லா தேடிக்கொண்டிருந்தார்கள். தௌனோவும் பைனாகுலரோடு இருந்தார்.

"உள்ள பழம் இருக்கா பொண்ணே?" என்றார்.

"நெறைய" என்றேன்.

என் சைக்கிளைப் பலகையின்மேல் சாய்த்து வைத்தேன், சாலையில் வருகிற எவருக்கும் தெரியும்படி. வாளியை முதுகுப் பைக்குள் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடந்தேன். முதல் மேட்டைத் தாண்டியதும் அம்மாவுக்குப் போன் செய்து, எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று சொன்னேன்.

"போனை அணைச்சிடு" என்றாள்.

"அணைக்க மாட்டேன்."

பிறகு, "சரி. ஆனா மெதுவா பேசு" என்றாள்.